பன்னிரண்டு ஃபைல்களும் போடாத பூஜ்யமும்

தொழிற்சாலையின் ஆவணப் பிரிவில் முப்பது வருடம் இருந்தவன், ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் எதையும் ஒழுங்குபடுத்தாமல் இருப்பதே நல்லது. இது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. என் மனைவி கமலாவுக்கு முன்பே தெரியும்.

கமலா ஒரு துப்பறியும் தொடர் எழுதினாள். பெங்களூரிலிருந்து நாலைந்து தமிழர்கள் நடத்தும் இணைய வானொலி அதைப் பன்னிரண்டு வாரம் நாடகமாக ஒலிபரப்பியது. ஓசூர் கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர் கெலவரப்பள்ளி அணையில் பிணமாக மிதக்கிறார். தள்ளியது யார் என்பது கதை. போச்சம்பள்ளியில் மாந்தோப்பு வைத்திருக்கும் அவளுடைய அண்ணன் கோவிந்தன் ஒரு வாரம்கூடக் கேட்கவில்லை. "வேலையில்லாதவ எழுதறா, வேலையில்லாதவன் கேக்கறான்" என்று போனில் சொல்லிவிட்டார். கமலா அன்று சாப்பிடவில்லை. அண்ணனை உட்கார வைத்து முழுவதையும் கேட்க வைத்தே தீருவது என்று முடிவெடுத்தாள்.

அந்த வானொலியில் மறு ஒலிபரப்பு கிடையாது. ஆனால் வாராவாரம் நான் கணினியில் பதிவு செய்து வைத்திருந்தேன். அவற்றைச் சட்டைப்பைக்குள் அடங்கும் எம்பி3 பிளேயரில் ஏற்றி, ஒரு ஸ்பீக்கரோடு போச்சம்பள்ளியில் போய் இறங்குவதாகத் திட்டம். பதிவு மென்பொருள் ஒவ்வொரு ஃபைலுக்கும் தேதியைப் பெயராக வைத்திருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. (பிடித்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.) எல்லாவற்றையும் மாற்றி 1, 2, 3 என்று 12 வரை எண் போட்டேன். முதல் ஃபைலை மட்டும் ஓடவிட்டுச் சரிபார்த்தேன்.

ஞாயிறு மதிய விருந்து முடிந்து கூடத்தில் பதினைந்து பேர் உட்கார்ந்தோம். கோவிந்தன் தலையணையோடு வந்தார். முதல் பகுதி நன்றாகப் போனது. அடுத்த பகுதியின் இசை முடிந்ததும், ஸ்பீக்கரில் கம்பெனியின் கேன்டீன் காண்ட்ராக்டர் விசும்பியபடி, "நான்தான் அவரைத் தள்ளினேன்" என்றார்.

அது பத்தாம் பகுதி.

அந்த பிளேயருக்கு எண்ணும் எழுத்து மாதிரிதான். ஒன்றில் தொடங்குவதெல்லாம் முதலில். 1, 10, 11, 12, அப்புறம்தான் 2. 01 என்று முன்னால் பூஜ்யம் போட்டிருந்தால் போதும். (அந்தப் பூஜ்யத்தைப் போடாததற்கு எத்தனை பேருக்கு மெமோ கொடுத்திருக்கிறேன்.) நிறுத்தக் கை நீட்டினேன்.

"கைய எடுங்க மாப்ள. அவன் மாட்றானான்னு பாக்கலாம்" என்றார் கோவிந்தன்.

மாட்டினான். பன்னிரண்டாம் பகுதியில் கைவிலங்கு. கமலா என்னைப் பார்த்த பார்வைக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. பிறகு இரண்டாம் பகுதி. அதே காண்ட்ராக்டர், செத்தவரின் மனைவிக்கு டீ கொடுத்து ஆறுதல் சொன்னார்.

"முன்னால நடந்தத இப்பச் சொல்றாங்க" என்று விளக்கினார் கோவிந்தனின் மனைவி. "அடப்பாவி, கொன்னுப்புட்டு டீ ஊத்தறான் பாரேன்."

"சக்கர போதுமான்னு வேற கேக்கறான்" என்றார் கோவிந்தன். தலையணை மடிக்கு வந்திருந்தது.

அதன் பிறகு ஒருவரும் எழுந்திருக்கவில்லை. காண்ட்ராக்டர் வாய் திறந்தபோதெல்லாம் கூடமே திட்டியது. கடைசியாக ஓடிய ஒன்பதாம் பகுதியின் முடிவில் இன்ஸ்பெக்டர், "யாராக இருக்கும்?" என்று யோசித்தார். பதினைந்து பேரும் ஒரே குரலில், "டீ ஊத்தறவன்டா" என்றார்கள்.

கோவிந்தன் தங்கையின் பக்கம் திரும்பினார். "ஆளக் காட்டிப்புட்டு அப்புறமும் ரெண்டு மணி நேரம் உக்கார வெச்சிட்டியே. எப்படிம்மா தோணுச்சு? அன்னிக்கி போன்ல நான் சொன்னது தப்பு."

கமலா என் பக்கமே பார்க்காமல், "ரொம்ப நாளா யோசிச்சேண்ணா" என்றாள்.

அவளுடைய இரண்டாவது தொடர் கைவிலங்கில்தான் தொடங்கியது. அதைக் கேட்கக் கோவிந்தன் பக்கத்துத் தோட்டக்காரர்களையும் கூட்டிவைத்தார். அது முடிந்த பிறகே கமலா அண்ணனிடம் உண்மையைச் சொன்னாள். அன்றிலிருந்து அந்த வீட்டுப் பந்தியில் சோற்றுக்கு முன்னால் பாயசம் வந்துவிட்டால், "மாமா நம்பர் போட்டாரா?" என்று யாராவது கேட்பார்கள். போன மாதம் கேட்டது கமலா. கேட்டுவிட்டு, என் இலையில் இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னாள்.