குறைகேட்பு அதிகாரியின் குறையற்ற செவி

மனிதச் செவியின் மாண்பைப் பற்றி இனி எவர் நூல் எழுதினாலும், நகராட்சியின் குறைகேட்பு அதிகாரியை முன்னுரையிலேயே வணங்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுச் சேவையில் அவர் காதில் விழுந்த புகார்கள் பல்லாயிரம். விழுந்ததில் ஒன்றுகூட எழுந்ததில்லை.

'குறைகேட்பு' என்றால் குறைகளைக் கேட்பது என்று பொதுமக்கள் பொருள் கொண்டார்கள். அதிகாரி, குறைவாகக் கேட்பது என்று பொருள் கொண்டார். இலக்கணம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

அதற்காக அவர் காது மந்தம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இயக்குநரின் அறை நான்கு சுவர்களுக்கு அப்பால் இருந்தது. அங்கே இயக்குநர் தொண்டையைச் செருமினால், இங்கே இவர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். ஒருமுறை கோப்பும் கையுமாக வாசலில் வந்து நின்றவரைப் பார்த்து, "நான் இன்னும் கூப்பிடவே இல்லையே" என்றார் இயக்குநர்.

"கூப்பிடப் போறீங்கன்னு கேட்டுது சார்" என்றார் இவர்.

இப்படிப்பட்ட செவியிடம்தான் ஒரு தையற்காரப் பெண் ஏழு முறை வந்தாள். நகராட்சியின் மழலையர் பள்ளிச் சுவரை ஒட்டி அவளுக்கு ஒரு சின்னக் கடை. அவளுடைய நாலு வயது மகள் அதே சுவருக்கு அந்தப் பக்கம் படித்துக்கொண்டிருந்தாள்.

"சார், பள்ளிக்கூடத்துச் சுவரு சத்தம் போடுது."

"பசங்க சத்தமா? அது கல்விப் பிரிவு" என்றார் அதிகாரி, ஒரு கோப்பில் கையெழுத்துப் போட்டபடியே.

"பசங்க இல்லைங்க, சுவரு. வெயில் ஏறினா உள்ளுக்குள்ள நெறநெறங்குது. மெஷினை நிறுத்திட்டுக் காதை வெச்சுக் கேட்டேன்."

"மெஷின் சத்தம்னா தொழிற்கூடப் பிரிவு. ரெண்டாவது மாடி."

அவள் பேசப் பேச அவரும் பேசினார். பேசாத நேரத்தில் தாளைப் புரட்டினார். புரட்டாத நேரத்தில் நான்கு சுவர்களுக்கு அப்பால் செருமல் ஏதும் வருகிறதா என்று காத்திருந்தார். ஒரு மனிதர் எத்தனை வேலையைத்தான் பார்ப்பார்?

வீட்டிலும் இதே சேவைதான். குழாய் ஒழுகுகிறது என்று மனைவி மூன்று நாள் சொன்னாள், கேட்கவில்லை. நாலாம் நாள் சமையலறையில் யாரிடமோ தணிந்த குரலில், "இவங்க இயக்குநர் கூட..." என்று ஆரம்பித்தாள். குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு ஓடிவந்தார். அன்றைக்கே அவரைச் செவிப் பரிசோதனை நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஒலி கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். எல்லா ஒலிக்கும் அழுத்தினார். அனுப்பாத ஒலிகள் இரண்டுக்கும் கடமையுணர்ச்சியோடு அழுத்தினார். அங்கே மூளையையும் ஒலியையும் ஆராய்ந்துகொண்டிருந்த ஓர் இளம் ஆய்வாளர் ஆர்வமாகி, கம்பிகள் தொங்கும் குல்லாய் ஒன்றை அவர் தலையில் மாட்டினார். கேட்கவைக்கப் பழகிய குரல்கள் வேண்டும் என்றார். அதிகாரியின் அலைபேசியில் இயக்குநர் விட்ட குரல் செய்தி இருந்தது. புகார் கொடுக்க வந்தவர்களின் பேச்சும் விதிப்படி அதில் பதிவாகியிருந்தது. மனைவியின் குரல் பக்கத்திலேயே இருந்தது.

இயக்குநரின் குரலுக்குத் திரையில் மலைத்தொடர் எழுந்தது. மனைவி பேசியபோது ஒரு வரப்பு. தையற்காரப் பெண்ணின் குரலுக்கு ஒரு சின்ன மேடு தலைதூக்கி, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மறுபடி படுத்துக்கொண்டது.

"இது எல்லார்க்கும் உள்ளதுதான் சார்" என்றார் ஆய்வாளர். "நாம பேசும்போதும் நடக்கும்போதும் மூளை வெளிச் சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு வெச்சுக்கும். பயம் வந்தா அதே சத்தத்தைக் கூட்டிக்கும். எதை முக்கியம்னு நினைக்கிறோமோ அது பெருசாக் கேக்கும்."

"அப்ப என் காதுல குறையில்லை?"

"இல்லை."

"எழுத்துல குடுங்க."

கொடுத்தார். கீழே இரண்டாவது பத்தியாக, எதிரில் இருப்பவர் பேசும்போது கையை நிறுத்தி, வாயை மூடி, முகத்தைப் பார்த்துக் கேட்டால் நிலைமை மாறும் என்றும் எழுதியிருந்தார். முதல் பத்தி முடிந்த இடத்தில் தாளை அழகாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார் அதிகாரி.

சான்றிதழைப் பார்த்து இயக்குநர் நெகிழ்ந்துபோனார். "நம்ம டிபார்ட்மென்ட்ல அறிவியல்பூர்வமா காது கேக்குற முதல் ஆள் நீங்கதான்" என்றார். 'நற்செவியர்' விருதுக்கு ஒரு கூட்டம் ஏற்பாடாயிற்று. அதிகாரி ஏற்புரை ஆற்றிக்கொண்டிருக்கும்போது தையற்காரப் பெண் எட்டாம் முறையாக வந்து, அரங்கின் வாசலில் மூச்சு வாங்க நின்றாள்.

"சார், காலையிலேருந்து சத்தம் நின்னுடுச்சு. மண்ணு மட்டும் கொட்டுது."

"நின்னுடுச்சா, ரொம்ப சந்தோஷம்" என்றார் அதிகாரி மேடையிலிருந்து. பக்கத்தில் இருந்த எழுத்தரிடம், "புகார் தீர்ந்ததுன்னு எழுதிக்குங்க" என்றார். அரங்கம் கைதட்டியது.

அவள் அங்கே நிற்கவில்லை. ஓடிப்போய்ப் பள்ளியின் மணியைத் தானே அடித்து, டீச்சர் தடுக்கத் தடுக்க நாற்பத்தொரு குழந்தைகளையும் மைதானத்தின் மறுகோடிக்கு விரட்டினாள். பிறகுதான் சுவர் சாய்ந்தது. தையல் கடையும் அதனடியில் போயிற்று. குழந்தைகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

பார்வையிடப் போன அதிகாரி, செங்கல் குவியலுக்குள் முழங்கால் உயர நாற்காலிகள் நசுங்கிக் கிடப்பதைப் பார்த்தார். பக்கத்தில் இயக்குநர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அது அவருக்குக் கேட்கவில்லை. நெறநெற, மெஷினை நிறுத்திட்டு, காதை வெச்சுக் கேட்டேன் என்று ஏழு நாளும் அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும், வைத்த இடத்தில் வைத்தபடி, அவருக்குள்ளிருந்து எழுந்து வந்தது.

விசாரணைக் குழு கூடியது. அனுமதியின்றி மணி அடித்தது யார் என்பது முதல் கேள்வி. அது அவளே ஒப்புக்கொண்டதால் சுலபமாக முடிந்தது. இரண்டாவது, அதிகாரிக்குக் காது கேட்குமா என்பது. ஆய்வாளரைச் சாட்சிக்கு அழைத்திருந்தார்கள்.

"எல்லாமே கேட்டிருக்கு" என்றார் அவர். "சத்தம் மூளை வரைக்கும் போயிருக்கு. அங்க, வந்தது யாருன்னு பார்த்துட்டுத் திருப்பி அனுப்பியிருக்காங்க."

'திருப்பி அனுப்பியது' என்ற பகுதியை நீக்கிவிட்டு, அதிகாரியின் செவியில் யாதொரு குறையும் இல்லை என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. அதிகாரி தலை நிமிரவில்லை. இயக்குநர் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார்.

"இதுல உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை உண்டாம்மா?"

"அவரு காது மேல நான் புகாரே குடுக்கலையேங்க" என்றாள் அவள்.