கராஜில் ஒரு ரியோஹாப் பொருத்தம்

ரியோஹா என்ற ஸ்பெயின் தேசத்துச் சிவப்பு வைனுக்கும் யாழ்ப்பாணத்து ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்கும் தூதரக உறவை ஏற்படுத்திவைத்த மாமனிதர், சிட்னி வென்ட்வேர்த்வில்லில் வசிக்கும் திரு. கதிர்காமநாதன் ஆவார். இந்தச் சாதனையை எந்த அரசாங்கமும் இன்னும் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை பின்னேரங்களில் அவருடைய கராஜில் 'வைன் ஆராய்ச்சி வட்டம்' கூடும். கார் அன்று தெருவில் நிற்கும். தலைவர் அவர், செயலாளர் நண்பர் ஜெகதீஷ், கதிரை கிடைத்தவர்கள் எல்லாம் பொதுச்சபை. போன வருடம்வரை விஸ்கியில் சோடாவைக் கலந்து மிக்சரோடு விழுங்கிய வாய்கள்தான். ஆனால் கதிர்காமநாதன் ஒரு துறையில் இறங்கினால் அடிமுடி காணாமல் விடமாட்டார்.

போத்தலைக் கையில் எடுத்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "எவடம்?" எந்தப் பள்ளத்தாக்கு, மலையின் வெயில் பக்கமா நிழல் பக்கமா, பக்கத்துத் தோட்டம் யாருடையது எல்லாம் தெரிந்த பிறகே மூக்கைக் கிளாசுக்குள் விடுவார். மற்றவர்கள் வருடக்கணக்கில் படிக்கும் வித்தை இவருக்கு மட்டும் எப்படி ஒரே மாதத்தில் வந்தது என்று ஜெகதீஷுக்கு வியப்பு.

"ரத்தத்தில ஊறினது" என்றார் தலைவர் அடக்கமாக.

வட்டம் ஏகமனதாகப் பல தீர்மானங்களை நிறைவேற்றியிருந்தது. ரியோஹா ஆட்டிறைச்சிக்குப் பொருந்தும். கத்தரிக்காய்க் குழம்புக்குச் சுமாராகப் பொருந்தும். நண்டுக்கறியோடு சேர்ப்பது வன்மையாகக் கண்டிக்கத்தக்கது. வெள்ளிக்கிழமைகளில் ஆடு கூடாது. வைன் 'மரக்கறி' என்பதால் கூடும்.

இந்த நிலையில்தான் மகள் தர்ஷனா, தான் கலியாணம் கட்ட விரும்பும் சுஜீதனைக் கராஜுக்கே கூட்டிவந்தாள். அப்பா ஓமென்றால் தை மாதம் கலியாணம் என்று தாய் சந்திரவதனாவோடு பேசி வைத்திருந்தாள். பையனுக்கு வைன் இறக்குமதிக் கொம்பனியில் வேலை. கையில் ஒரு போத்தல் ரியோஹா.

"சின்னத் தோட்டம், அங்கிள். தோட்டக்காரர் மெஷின் பாவிக்கிறேல்லை. பழத்தைத் தொட்டியில போட்டு இன்னும் காலாலதான் மிதிக்கினம்."

கதிர்காமநாதன் ஒரு மிடறை வாயில் உருட்டினார். கண் கலங்கிவிட்டது.

"காலால மிதிச்சது! அதுதான் இந்த மென்மை. ஜெகதீஷ், கேட்டனீரோ?"

பிரட்டலில் நல்ல துண்டாகப் பார்த்துத் தன் கையாலேயே பையனின் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார். தர்ஷனாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"தம்பி, எவடம்?"

"பிறந்தது இங்க பரமட்டாவில, அங்கிள்."

"அதில்லை. ஊரில?"

சுஜீதன் அப்பாவின் ஊரைச் சொன்னான்.

"ஊர் தெரியும். கோயிலுக்கு இங்காலையோ, அங்காலையோ?"

"அங்காலை எண்டுதான் அப்பா சொல்லுறவர்."

"குளத்தடி ஒழுங்கையோ?"

"ஓம், அங்கிள்."

அந்த ஒழுங்கையில் யார் யார் குடியிருந்தார்கள் என்பது கராஜ் முழுக்கத் தெரியும். பையனின் சாதி தெளிவாகிவிட்டது. எல்லாரும் தங்கள் தங்கள் கிளாசுக்குள் குனிந்து பார்த்தார்கள். தலைவர் உபசாரத்தில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை. "வடிவாச் சாப்பிடும் தம்பி" என்றார். பையன் கோப்பையைக் கீழே வைத்தான். கொஞ்ச நேரத்தில், "போட்டு வாறன், அங்கிள்" என்று எழுந்து போனான்.

"நல்ல பிள்ளை. படிப்பு, வேலை, பழக்கவழக்கம், எல்லாம் திறம்" என்று தீர்ப்பை வாசித்தார் கதிர்காமநாதன். "ஆனா பொருந்தாது."

"என்ன பொருந்தாது?" என்றாள் தர்ஷனா.

"சிலது சிலதோட சேராது, பிள்ளை. நான் சாதி பாக்கிறவன் இல்லை. சனம் பாக்குமே."

"அப்ப அந்தப் போத்தலைத் திருப்பிக் குடுத்திருக்கலாமே?" என்றார் கராஜ் வாசலில் நின்ற சந்திரவதனா.

"அது அன்பளிப்பு. அன்பை அவமதிக்கக் கூடாது." மிச்சத்தைத் தன் கிளாசில் ஊற்றி, ஒரு வாய் நிறைய எடுத்து உருட்டத் தொடங்கினார்.

தர்ஷனா ஒரு கதிரையை இழுத்து அவருக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள். அழுதிருந்தாள், குரல் மட்டும் நடுங்கவில்லை.

"அப்பா, இதை மிதிச்ச காலெல்லாம் எவடத்துக் கால்? கோயிலுக்கு இங்காலையோ, அங்காலையோ?"

ருசி பார்த்துத் துப்புவதற்கென்று வட்டம் வாங்கி, இதுவரை ஒருவரும் தொடாத வாளி ஒன்று மூலையில் இருந்தது. ஜெகதீஷ் செயலாளருக்குரிய பொறுப்போடு அதைத் தலைவரின் காலடிக்கு நகர்த்திவைத்தார்.

தலைவர் வாளியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு விழுங்கிவிட்டார். அந்தக் கராஜில் அன்று துப்பப்பட்டவன் சுஜீதன் ஒருவன்தான்.