எட்டு மில்லிமீற்றர் பலா

1997 மார்ச் 8, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். குளித்து, றோஸ் பாணும் சம்பலும் சாப்பிட்டேன். எட்டு மணிக்கு அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் பிளாஸ்ரிக் உறையில் இட்டுச் சட்டைப்பையில் வைத்தேன். இவ்வளவும் அன்றைய டயறியில் உள்ளன. அன்று ஸ்டெல்லாவிடம் கல்யாணம் கேட்க இருந்தது மட்டும் இல்லை. (அறைத்தோழன் டயறியை வாசிப்பான்.)

ஸ்டெல்லா என் அலுவலகத்துத் தட்டெழுத்தாளர். கொட்டாஞ்சேனையில் மாதா கோவில் பாடற்குழுவுக்குக் கிட்டார் வாசிப்பவள். அவளுடைய கிட்டாரின் பலகை வெடித்துப்போனதும், "நான் ஒண்டு செய்து தாறன். கொண்டுவாற அண்டைக்கு ஒரு விசயமும் சொல்லவேணும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. செய்யத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

நூலகப் புத்தகம் சொன்ன வெளிநாட்டு மரம் கொழும்பில் கிடைக்கவில்லை. வீணையும் மிருதங்கமும் பலாவில்தானே செய்கிறார்கள் என்று, வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்காரர் கழற்றிப் போட்டிருந்த பலாக் கதவைக் கேட்டு வாங்கி முன்பலகை சீவினேன். பக்கங்களும் முதுகும் மகோகனி. முன்பலகை மூன்று மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது என்றது புத்தகம். கம்பிகள் இழுத்து உடைத்துவிட்டால்? பாதுகாப்புக்காக எட்டு வைத்தேன். உள்ளே வைத்த தாங்கு சட்டங்களில் ஒரு கூரையே நிற்கும். ஏழு மாதம் பிடித்தது.

காலிமுகத்திடலுக்குக் கிட்ட, சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கினார்கள். இளம் சிப்பாய் ஒருவன் என் துணிப்பையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்து, சிங்களத்தில் கேட்டான்.

"மொக்கத மேக்க?"

"கிட்டார்."

"மெச்சர பர?"

இவ்வளவு பாரமான கிட்டாரை அவன் கண்டதில்லை. துளைக்குள் ரோர்ச் அடித்தான். சட்டங்களைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. வாசித்துக் காட்டச் சொன்னான். கம்பிகளை ஒரு முறை இழுத்தேன். டொக் என்றது.

"தம்பி, இன்னும் கொஞ்சம் பலமாத் தட்டும். உள்ளுக்கு ஆள் நித்திரை போல" என்றார் வரிசையில் நின்ற ஓர் அம்மா. பஸ் முழுவதும் சிரித்தது. (இதை நான் வீட்டில் சொல்லியிருக்கக்கூடாது. இன்றைக்கும் யாராவது வாசலில் தட்டினால், "அப்பா கிட்டார் வாசிக்கிறார்" என்கிறார்கள் பிள்ளைகள்.)

சிப்பாய் மட்டும் சிரிக்கவில்லை. கத்தி நுனியை முதுகுப் பலகையின் விளிம்பில் விட்டு மெல்ல நெம்பினான். பலகை முழுதாகக் கழன்று அவன் கைக்கு வந்தது. அவனே திடுக்கிட்டுப் போனான். உள்ளே மரத்தூளும் என் பென்சில் ஒன்றும் இருந்தன.

"ஸொரி மல்லி" என்று, என்னைத் தம்பியாக்கி, மூன்றையும் தனித்தனியாகத் தந்தான். பென்சில், பலகை, மிச்சக் கிட்டார்.

கொட்டாஞ்சேனையில் ஸ்டெல்லாவின் அப்பா கதவைத் திறந்தார். துறைமுகத்தில் ஏற்றுமதிச் சாமானுக்கு மரப்பெட்டி அடிப்பவர். முன்பலகையை விரல்களுக்கிடையில் பிடித்துக் கனம் பார்த்தார்.

"தம்பி, கப்பல்ல ஏத்துற பெட்டிக்கே நாங்க இவ்வளவு கனமாப் போடுறதில்ல. என்ன அனுப்பப் போறீங்க இதுல?"

ஸ்டெல்லா பிளேன்ரீ கொண்டுவந்தாள். சிரிப்பை அடக்கியதில் கோப்பை தட்டில் ஆடியது.

"என்னமோ விசயம் சொல்லணும்னீங்களே?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் கிட்டாரைப் பார்த்தேன்.

"பலா... நல்ல மரம்" என்றேன்.

"அதுக்கென்ன, நல்ல மரந்தான்" என்றாள் அவள். பிளேன்ரீயைக் குடித்து முடித்து, கிட்டாரை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு. முதல் வேலையாக, குளிக்காமலே முதல் பஸ்ஸைப் பிடித்துக் கொட்டாஞ்சேனையில் இறங்கி, பூசைக்குப் போய்க்கொண்டிருந்த ஸ்டெல்லாவைக் கோவில் வாசலில் மறித்து விசயத்தைச் சொன்னேன்.

"இதச் சொல்லத்தானா ஏழு மாசம் மரம் சீவினீங்க?" என்றாள். "சரி, உள்ள வாங்க. பாட்டுப் புத்தகத்தயாவது தூக்குங்க."