இடது கதவில் ஒரு சேவல்

"எனக்குத் தெரியாது" என்று சொல்ல எனக்கு வாயே வராது. நீச்சல் தெரியுமா என்று கேட்டால் முதலில் தலையாட்டுவேன். தண்ணீரைப் பார்த்த பிறகுதான் யோசிப்பேன். ஈரோட்டில் அப்பாவின் காரை ரெண்டு தெரு ஓட்டிப் பார்த்த அனுபவத்தை வைத்துக்கொண்டு, கல்யாணமான புதிதில் மாமியாரிடம், "பிக்அப் வண்டிதானுங்களே அத்தை, நான் ஓட்டறேன்" என்று சொன்னதும் அந்த வியாதியால்தான்.

அத்தை ஹைதராபாத்தில், மௌலா அலியில் கேட்டரிங் நடத்துகிறார். சுத்த சைவம். அவருடைய குடும்பம் தாத்தா காலத்திலேயே ரயில்வே வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டதால், அவர் தமிழில் தெலுங்கும் உருதுவும் தாராளமாகப் புழங்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை கச்சிபௌலியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் பூணூல் கல்யாணம். பெரிய இடம், முதல் ஆர்டர். வெள்ளிக்கிழமை வாழையிலை வாங்கி வரவேண்டும். டிரைவரோ ஊருக்குப் போயிருந்தார். என் கணவர் செந்திலுக்கு சைக்கிளைத் தாண்டி எதுவும் ஓட்ட வராது.

"உனக்கு நெஜமா வருமா?" என்றார் அத்தை.

"ஹவ்!" என்றேன். ('ஆமாம்' என்று அர்த்தம். நான் அதுவரை கற்றிருந்த ஒரே ஹைதராபாத் வார்த்தை. 'வேண்டாம்' என்கிற 'நக்கோ' தெரிந்திருந்தால் பிழைத்திருப்பேன்.)

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்தில், முன்னால் போன ஆட்டோ சட்டென்று நின்றது. நான் பிரேக்கை மிதிக்கவில்லை, அதன்மேல் ஏறி நின்றேன். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. பந்தியில் இடம் பிடிக்க ஓடுகிறவர் மாதிரி மண்டப வாசலுக்குச் சறுக்கிப் போய், இடது பக்கத்தைத் தூணில் சாய்த்துக்கொண்டு ஓய்ந்தது.

எனக்கு ஒரு கீறல் இல்லை. தூணுக்கும் இல்லை. ஹெட்லைட் தூள். மட்கார்டு நசுங்கல். இடது கதவு, பொரித்த அப்பளம்.

அத்தை திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஞாயித்துக்கெழமை சாப்பாடு போகணும். வண்டியில போகுதோ, உன் தலைமேல போகுதோ, நீயே பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வெண்டைக்காய் நறுக்கப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலையில் மெக்கானிக் ஜஹாங்கீர் பாயின் ஷெட்டில் நின்றேன். ரயில்வே காலனிக்காரர்களோடு பழகிப் பழகிப் பாதித் தமிழ் பேசுகிற, எதற்கும் கவலைப்படாத மனிதர். ஹெட்லைட்டையும் மட்கார்டையும் மதியத்துக்குள் முடித்துவிட்டார். கதவை மட்டும் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். அதில் ஒரு துண்டு அவர் கையோடு வந்தது.

"இது இனிமே கதவு இல்ல மேடம்" என்று சிரித்தார். பிறகு பழைய இரும்புக் கடைக்குப் போய் அதே மாடல், அதே வெள்ளை நிறக் கதவு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். அச்சாகப் பொருந்தியது. ஒரே ஒரு குறை. கதவின் வெளிப்புறத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெரிய சேவல், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றது. (சேவலுக்கு ஏது கட்டைவிரல் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.) அதன் கீழே சிவப்பில் 'தாஜா சிக்கன்', அதாவது ஃப்ரெஷ் கோழி.

"பாய், இதுமேல பெயின்ட் அடிங்க!"

"இந்த மழையில காயாது மேடம். கைக்கூ டென்ஷன்? எதுக்குக் கவலை? மேல பேப்பர் ஒட்டுங்க."

நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருப்பவள். அடுத்தவர் செய்த வேலையில் ஓட்டை கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். என் வேலையில் கண்டுபிடிக்க யாரும் சம்பளம் தருவதில்லை. மைதா மாவு காய்ச்சி, கதவு முழுக்க, மேலே ஒன்று கீழே ஒன்றாக, வெள்ளை சார்ட் பேப்பர் ஒட்டினேன். மேல் தாளில் பச்சை மையால் ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் 'ப்யூர் வெஜ்' என்று எழுதினேன். மறுநாள் காலையில் அதைப் பார்த்த அத்தை, "பரவால்லையே" என்றார். எனக்குப் பதவி உயர்வு கிடைத்த மாதிரி இருந்தது.

டிரைவர் திரும்பி வந்திருந்தார். அவர் பக்கத்தில் நான், கதவோரம் பட்டுப்புடவையில் அத்தை, பின்னால் சாப்பாடு. வழியெல்லாம் மழை. மைதாவும் மழையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் டெஸ்ட் செய்திருக்கவில்லை.

குடியிருப்பு வாசலில் வாட்ச்மேன் கையை நீட்டி மறித்தார். "சிக்கன் வண்டியை இன்னிக்கு உள்ள விடமாட்டோம்மா. கிளப்ஹவுஸ்ல பூஜை நடக்குது" என்றார் தெலுங்கில்.

அத்தைக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்னய்யா சிக்கன்? ப்யூர் வெஜ்! கதவைப் படிச்சுப் பாரு!"

"படிச்சுட்டுத்தாம்மா சொல்றேன்."

அத்தை இறங்கினார். பார்த்தார். கீழ்த் தாள் எங்கேயோ வழியில் கழன்று போயிருந்தது. மேல் தாள் மட்டும் விடாமல் தொங்கியது. மேலே 'ப்யூர் வெஜ்'. அதற்குக் கீழே, ஆமாம் என்று கட்டைவிரல் காட்டும் சேவல்.

அவர் என் பக்கம் திரும்பிய அதே நொடியில், பூணூல் பையனின் அப்பா குடையோடு வாசலுக்கு வந்துகொண்டிருந்தார். அத்தை யோசிக்கவே இல்லை. முதுகைக் கதவில் அழுத்தி, முந்தானையை ரெண்டு கையாலும் விரித்துக்கொண்டு நின்றார்.

"வண்டி இங்கயே நிக்கட்டும் சார், ட்ராலில தள்ளிட்டுப் போயிடறோம்."

"நீங்க ஏன் மாமி மழையில நிக்கறேள்? உள்ள வாங்கோ."

"வண்டிக்குள்ள ஒரே புழுக்கம் சார். கொஞ்சம் காத்தாட நிக்கறேன்."

கடைசி அண்டா இறங்கும்வரை அப்படியே காத்தாட நின்றார். மூக்கு நுனியில் தண்ணீர் சொட்டியது. வண்டி மறைந்த பிறகுதான் உள்ளே நடந்தார். பின்னால் போன நான்தான் பார்த்தேன். கதவிலிருந்து கழன்று புரண்ட மேல் தாள், மைதா புண்ணியத்தில், அவர் முதுகில் ஒட்டியிருந்தது: பச்சை எழுத்தில் 'ப்யூர் வெஜ்'.

சொல்லியிருக்க வேண்டும். சொல்ல தைரியம் வரவில்லை. அத்தை பந்தி முழுக்க அந்த விளம்பரத்தோடு நடந்தார். பாயசம் வாங்கிய ஒரு பாட்டி என்னிடம், "யாரைக் கேக்கணும்னு தேட வேண்டாம், நல்ல ஏற்பாடு" என்று பாராட்டி நம்பர் வாங்கிக்கொண்டார்.

வீட்டில் செந்தில்தான் அதை உரித்துக் கொடுத்தார். அத்தை தாளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் பரிமாறுகிறவர்கள் எல்லோருக்கும் ஏப்ரன் வந்தது. முதுகில் பச்சையில் 'ப்யூர் வெஜ்'. எனக்குத் தனிப் பையில் கொடுத்தார். பிரித்தேன். முதுகில் சிவப்பாக, பெரிதாக, ஓட்டப் பழகுகிற வண்டியில் இருக்குமே, அந்த ஒற்றை ஆங்கில 'எல்'.

இன்றைக்கும் விசேஷங்களில் அதைத்தான் மாட்டிக்கொள்கிறேன். குனிந்து பரிமாறும்போதெல்லாம் பின்னாலிருந்து யாராவது "பாம் பாம்" என்று ஹாரன் அடிக்கிறார்கள். பெரும்பாலும் அது என் சொந்த மகள்.