காளியப்பன் காஸ்டிக்கைத் திருடவில்லை, மாப்பிள்ளை

குமாரபாளையம்
சித்திரை மாதம், ஞாயிறு மாலை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை குணசீலன் அவர்களுக்கு, மாமனார் சென்னியப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. மகள் தனப்பிரியா நலம், அவளுக்குத் துணையாக வந்திருக்கும் நானும் நலம். சூரத்தில் தங்களுக்கு வேளைக்கு இட்லி கிடைக்கச் சங்கமேஸ்வரர் அருளட்டும்.

மாப்பிள்ளை, காளியப்பன் திருடவில்லை! முறைப்படி இது கடைசியில் வரவேண்டிய முடிவு, கை நிற்கவில்லை. போனில் தங்கள் குரலைக் கேட்டாலே "சாப்பிட்டீங்களா" என்பதற்கு மேல் எனக்கு வாயில் எதுவும் வருவதில்லை. அதனால் எழுதுகிறேன், தனப்பிரியா போட்டோ எடுத்து அனுப்புவாள்.

நடந்தது தங்களுக்குத் தெரியும், ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்குத் தெளிவு. நம் சாயப்பட்டறைத் தொட்டியில் ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு நானூறு கிராம் காஸ்டிக் சோடா போடும்படி வேலையாள் காளியப்பனிடம் சொன்னீர்கள். போட்டேன் என்றான். வேதியியல் வாத்தியாராக இருந்தவனாயிற்றே என்று என்னைச் சரிபார்க்கச் சொன்னீர்கள். நானும் கணக்குப் போட்டேன்: லிட்டருக்கு 0.4 கிராம், அதைக் காஸ்டிக்கின் மூலக்கூறு எடையான நாற்பதால் வகுத்தால் ஹைட்ராக்சைடு செறிவு 0.01 மோல், அதற்கு மடக்கை எடுத்துக் குறியை மாற்றினால் பி.ஓ.எச். 2, பதினான்கில் இரண்டு போனால் பி.எச். 12. பிறகு, தலைதீபாவளிக்கு மோதிரத்துக்குப் பதிலாக நான் சீர் செய்தேனே, அந்த பி.எச். மீட்டரைத் தொட்டியில் விட்டால் 11.53! அப்படியென்றால் மூன்றில் ஒரு பங்கு காஸ்டிக்தான் இருக்கிறது என்று நான் முணுமுணுத்தது தங்கள் காதில் விழுந்து, "மிச்சத்த எங்கடா வித்த? நான் வந்ததும் கணக்க முடிச்சுக்கிட்டு ஊடு போய்ச் சேரு" என்று அவனிடம் சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டீர்கள்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. காளியப்பன் வேறு தினமும் வந்து நிற்கிறான். "ஏனுங்க சாமி, உங்க மிசினு சொன்னா அதுக்கு மறுபேச்சே இல்லீங்களா? காஸ்டிக்கத் திருடிட்டுப் போயி நான் என்ன கொழம்பா வெக்கப்போறேன்?"

"கணக்கு அப்படி வருதே, காளியப்பா."

"கணக்கு வருமுங்க. பவானிப் பட்டறையில கூப்புடறாங்க, நான் போயரட்டுங்களா?"

இன்று மத்தியானம் தகரக் கூரைக்கடியில் நின்றபோது வியர்வை மூக்குக்கண்ணாடியில் சொட்டியது. அப்போதுதான் பொறி தட்டியது. அந்தப் பதினான்கு, இருபத்தைந்து டிகிரிக்கு உரியது! சித்திரை வெயிலில் நம்மூரில் எந்தத் தொட்டி இருபத்தைந்தில் இருக்கும்? தெர்மாமீட்டரை விட்டேன், நாற்பது. அட்டவணையைப் புரட்டினேன், நாற்பது டிகிரியில் பதினான்குக்குப் பதில் 13.53. இரண்டைக் கழியுங்கள், மாப்பிள்ளை. கழித்தீர்களா? 11.53! புள்ளிக்குப் பின் இரண்டு தானம் வரை! நான் போட்ட சத்தத்தில் பக்கத்துப் பட்டறையில் தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். காளியப்பனைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். "மேலெல்லாம் சாயமுங்க சாமி" என்று கத்தினான். என் வேட்டி இப்போது பச்சை.

ஆகவே குற்றவாளி வெயில்தான். காளியப்பனை நீக்கிவிடாதீர்கள். நான் எப்போதும் என்னைச் சந்தேகப்படுகிறவன். இம்முறை சந்தேகமே இல்லை.

நூல் நல்ல விலைக்கு அமைந்து, தாங்கள் சுகமாக ஊர் திரும்ப என் ஆசிகள்.

தங்கள் அன்புள்ள மாமனார்,
சென்னியப்பன்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து வைக்கும் முன், முறைப்படி மீட்டரைக் கழுவிக் குடிதண்ணீரில் விட்டேன். 11.53. தனப்பிரியா காபி கொண்டுவந்தாள். அதிலும் 11.53. "ஏப்பா, காபியிலயுமா காஸ்டிக் போட்டிருக்காங்க?" என்கிறாள். காளியப்பன் நானூறு கிராம் போட்டானா என்று இந்த மீட்டரால் சொல்ல முடியாது. அவன் போட்டேன் என்கிறான், நான் நம்புகிறேன். அவனை வைத்துக்கொண்டு மீட்டரை வேலையிலிருந்து நீக்கிவிடுங்கள். தங்கள் மோதிர விரல் அளவையும் தெரிவிக்கவும்.