சடையங்குப்பம் லாக்கில் தண்ணீர் இறங்கிய விவரம்

லாக்கு லஸ்கர் வீடு,
சடையங்குப்பம்,
18-5-51, காலை மணி ஒன்பது.

மகாராஜராஜஸ்ரீ பழவேற்காடு சம்பந்தி எத்திராஜ் அவர்கள் சமூகத்துக்கு, ராயபுரம் கூட்ஸ் ஷெட்டில் முப்பத்தொரு வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற கருணாகரன் இரு கை கூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் எல்லாரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உயிரோடு இருக்கிறோம் என்பது மட்டும் நிச்சயம். அவ்விடம் தாங்களும் தங்கள் பாரியாளும் மாப்பிள்ளை மனோகரனும் இந்நேரம் எந்த நிலையில் இருப்பீர்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. ஏழரை மணி முகூர்த்தம். மாப்பிள்ளை மணையில் உட்கார்ந்திருப்பார், மேளக்காரர் வாசித்துக் களைத்திருப்பார், பெண் வரவில்லை. பெண் ஓடிப்போகவில்லை சம்பந்தி, அதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். நீலா எங்களோடு பத்திரமாக இருக்கிறாள். ஓடிப்போனது கால்வாய்த் தண்ணீர்.

கல்யாணப் பெண் உங்கள் ஊருக்குப் படகில்தான் வரவேண்டும் என்று தாங்கள் சொன்னதால், நேற்று விடியற்காலை பேசின் பிரிட்ஜில் இருபத்திரண்டு பேர் ஏறினோம். சீர் பீரோ, கட்டில், பாத்திரம், விருந்துக்கு அரிசி மூட்டைகள், காய்கறிக் கூடைகள், எல்லாம் ஏற்றியாயிற்று. ஏறினதும் எனக்கு முதல் அதிர்ச்சி. இந்த பாரத்தை இழுக்கக் கரையில் இரண்டே ஆள், ஒரே கயிறு! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊர்க்கதை பேசியபடி நடக்கிறார்கள், படகு பின்னாலேயே வருகிறது. எதிரில் சவுக்குக் கட்டை மலைபோல் ஏற்றிக்கொண்டு ஒரு படகு, அதற்கும் இரண்டே ஆள். எங்கள் ஷெட்டில் ஒரு வேகனை அடுத்த பிளாட்பாரத்துக்குத் தள்ளப் பன்னிரண்டு கலாசிகள் கூச்சல் போடுவார்கள். முப்பத்தொரு வருஷம் நான் யாருக்கு உழைத்தேன் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பதினொரு மணிக்கு இந்த லாக்குக்கு வந்தோம். லாக்கு என்றால் பூட்டு, சாவி என்று நினைத்திருந்தேன். தங்களுக்குத் தெரியாததல்ல, ஆனால் எனக்குப் புதிது: கால்வாய்க்குக் குறுக்கே இந்தப் பக்கம் ஒரு ஜோடிக் கதவு, அந்தப் பக்கம் ஒரு ஜோடி, நடுவில் கல் தொட்டி. நம் படகு தொட்டிக்குள் போனது. பட்டணத்துப் பக்கக் கதவு இன்னும் திறந்தே இருந்தது. கதவுகளைத் திறந்து மூடும் லஸ்கர் மண்ணாங்கட்டி மறுபக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "நைனா, எண்ணூர்ப் பக்கம் தண்ணி வத்திக் கீது. கடலு ஏர்றதுக்கு எட்டு மணி நேரம் ஆவும். அதுவரிக்கும் நெழலாண்ட குந்து" என்றார்.

"எட்டு மணி நேரமா? எங்களுக்குக் கல்யாணம்!"

"கடலுக்கு யாரு பத்திரிக வெச்சா? அவசரப்பட்டு அந்தக் கதவுப் பலகைய தூக்கினா காவாத் தண்ணி மொத்தமும் கடலுக்குப் பூடும். தண்ணி நிக்கிற வரிக்கும்தான் நைனா இது படவு. தண்ணி எறங்கிட்ச்சின்னா வெறும் கட்டிலு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

நான் நிழலில் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை. சிக்னல் விழாவிட்டால் ஸ்டேஷன் மாஸ்டரே கையைக் காட்டி வண்டியை அனுப்புவதைப் பார்த்தவன் நான். எண்ணூர்ப் பக்கத்துக் கதவின் மேல், அந்தப் பலகையைத் தூக்கும் இரும்புச் சக்கரம். ஒரு சுற்றுச் சுற்றினேன். அடியில் களக் களக் என்று சத்தம். அடடா, வேலை செய்கிறதே என்று இன்னும் இருபது சுற்று. பின்னால் மங்களூர் ஓடு ஏற்றிய படகு ஒன்று வந்துகொண்டிருந்தது. அதன் தலைவர் தாமோதரனையும், "வா வா, இப்போதே திறந்துவிடும்" என்று நானே கையாட்டிக் கூப்பிட்டேன். அவர் படகு பட்டணத்துக் கதவின் வாயில் பாதி நுழைந்தது. அந்தச் சமயம் சக்கரம் அச்சோடு கழன்று என் கைக்கு வந்துவிட்டது சம்பந்தி!

நான் அந்தச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதை எப்படி எழுதுவேன். கீழே பலகை திறந்தது திறந்தபடி. தண்ணீர் போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. நம் படகு என் கண்ணெதிரே இறங்குகிறது. என் சம்சாரம் முத்தம்மா அண்ணாந்து, "இன்னாங்க, நீங்க ஒசந்துகினே போறீங்க!" என்று அலறுகிறாள். சரி, பட்டணத்துப் பக்கத்துக் கதவையாவது சாத்தலாம் என்றால் அதன் வாயில் ஓட்டுப் படகு. அது டொக்கென்று கல்லில் உட்கார்ந்துவிட்டது. முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது. மண்ணாங்கட்டி சாப்பிட்ட கையோடு ஓடி வந்தார். என்னைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். அப்படியே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

மூன்று மணிக்குள் திருவொற்றியூர் வரைக்கும் படகுகள் ஒவ்வொன்றாகச் சேற்றில் உட்கார்ந்துவிட்டன. இருபத்தேழு படகு! பட்டணத்துக்கு விறகு, உப்பு, நெல்லூர் அரிசி, சுண்ணாம்புக் கிளிஞ்சல். அதில் இரண்டு கிளிஞ்சல் படகு தங்களுடையது என்று பிற்பாடு சொன்னார்கள். படகுக்காரர்கள் நாற்பது ஐம்பது பேர் கரையோடு வந்து மண்ணாங்கட்டியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"தண்ணிய தொறந்து வுட்டுட்டு தூங்கிக்கினா இருந்தே? நாளிக்கி மெட்ராஸ்ல எவன் வூட்லயாவது அடுப்பு எரியுமா?"

"வாடா ஆபீசுக்கு! உன் சீட்ட கிழிக்காம வுடமாட்டோம்!"

அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. கல்யாண வீட்டுக்காரன் என்று இரக்கப்பட்டாரோ, அல்லது காவல் தன் பொறுப்பு என்று நினைத்தாரோ, தெரியவில்லை. நான் படகில் இறங்கிச் சீர் பீரோவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன், சம்பந்தி, சத்தியமாகத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. ஒருவன் மண்ணாங்கட்டியின் சட்டையைப் பிடித்தான்.

அப்போது நீலா, உங்கள் வீட்டுக்கு மருமகளாக வரவேண்டியவள், ஏணியில் ஏறிக் கரைக்கு வந்து, "அவர வுடுங்க! தொறந்தது எங்க நைனாதான். சக்கரம் கூட அவர் கையிலதான் கீது" என்றாள்.

நான் பெற்ற பெண்! ஐம்பது தலையும் திரும்பின. இன்றோடு நம் கதை முடிந்தது என்று நினைத்து, வெளியே வந்து, "ஆமாம், நான்தான்" என்றேன். யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. தாமோதரன் என்னை மேலும் கீழும் பார்த்து, "பெரியவரே, வாயி பேசுனது போதும். இப்ப கை பேசட்டும். ஓட்ட எறக்கு" என்றார்.

ஓட்டுப் படகை லேசாக்கி வெளியே இழுத்தால்தான் கதவு சாத்தும், கதவு சாத்தினால்தான் மீதித் தண்ணீர் நிற்கும். நாலாயிரம் ஓடு. படகிலிருந்து கரைவரை வரிசையாக நின்று கைமாற்றினோம். பட்டுப்புடவையோடு முத்தம்மா, அவளுக்கு அடுத்து ஒரு விறகுப் படகுக்காரர், அடுத்து நான், எனக்கு அடுத்து நீலா. ஓடு உடைந்தால் தாமோதரன் போடும் சத்தம் எண்ணூருக்குக் கேட்கும். இருட்டும் நேரத்துக்குப் படகு அசைந்தது, ஐம்பது பேரும் ஒரே மூச்சாக இழுத்தார்கள், கதவு மூடிற்று. தண்ணீர் நின்ற சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சத்தமே இல்லாத சத்தம் அது. நான் குழந்தை மாதிரி அழுதுவிட்டேன்.

அத்தனை பேருக்கும் பசி. விருந்து அரிசியைப் பொங்கினோம். கத்திரிக்காயும் போயிற்று, வாழைக்காயும் போயிற்று, அப்பளம் ஒன்றுகூட மிச்சமில்லை. இன்று காலை திருவொற்றியூர்க் கொல்லர் வந்து சக்கரத்தைப் பொருத்திவிட்டார். இப்போது கடல் ஏறுகிறது. மண்ணாங்கட்டி எண்ணூர்ப் பக்கத்துத் தண்ணீரை அளந்து அளந்து உள்ளே விடுகிறார், சேற்றில் இருந்த படகுகள் ஒவ்வொன்றாக நிமிர்கின்றன. அவர்மேல் குற்றமில்லை என்று நான் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஆகவே தாங்கள் பெரிய மனது பண்ணி, வேறொரு முகூர்த்தம் பார்க்கவேண்டும். மாப்பிள்ளையிடம் நயமாகச் சொல்லவேண்டும். பெண்ணின் துணிச்சலைப் பற்றி நான் எழுதியதைத் தங்கள் பாரியாளுக்குப் படித்துக் காட்டாமல் இருந்தால் நல்லது. லஸ்கரின் மைத்துனர் இந்தக் கடிதத்தோடு சைக்கிளில் வருகிறார். அவர் கையில் ஒரு வரி பதில் எழுதியனுப்பினால் எங்களுக்குச் சோறு இறங்கும். தங்கள் குடும்பத்தில் எல்லாரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த தண்ணீரோடும் வாழ எல்லாம் வல்ல வடிவுடையம்மனை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் விதேயன்,
கருணாகரன்.

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள், சைக்கிளை எடுக்கப் போன லஸ்கரின் மைத்துனர் திரும்பி வந்துவிட்டார். தாங்களும் மாப்பிள்ளையும் புரோகிதரும் மேளமும் உட்பட முப்பது பேர், எங்களைத் தேடிக்கொண்டு நேற்று ராத்திரியே புறப்பட்டு வந்து, கதவுக்கு அந்தப் பக்கம் படகில் நிற்கிறீர்களாம். அப்படியானால் மேலே எழுதியது எதையும் தாங்கள் படிக்கவேண்டியதில்லை. கதவைத் திறக்கச் சொல்லித் தாங்கள் போடும் கூச்சல் இங்கே நன்றாகவே கேட்கிறது. என் பெயரும் கேட்கிறது. நான் லஸ்கர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. நீலாதான் கதவின் மேல் ஏறி நின்று தங்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "மாமா, தண்ணி ரெண்டு பக்கமும் மட்டம் ஆவட்டும். அப்பறம் பேசலாம்."