மூன்று அட்டைகளும் ஒரு முகூர்த்தமும்

“அடுத்த மாசம் புது மாடல் வருதாமே” என்று சொல்லிவிட்டு, வாங்க வந்ததை வாங்காமல் கடைப்படி இறங்குகிறாரே ஒருவர், அவரைக் கவனித்திருக்கிறீர்களா? அவர் கஞ்சர் அல்ல. அவசரம் இல்லாதவரும் அல்ல. அவர் ஒப்பிட்டுப் பார்ப்பவர். எதையும் இன்னொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அந்த இனத்தை எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடி முன்னால் நின்று தினமும் காலையில் அவருக்குத்தான் சவரம் செய்துவிடுகிறேன்.

பெயர் ஆனந்த்ராஜ். திண்டுக்கல்லில் இரண்டு வேன்களை வாடகைக்கு விடுகிறவன். இந்தத் தொழிலுக்கு டயரை விட முக்கியம் தேதி. பதினோரு வருஷம் தேதிகளை டைரியில் எழுதிவந்தேன். போன ஜனவரியில், இனிமேல் கையடக்கமாக ஒரு டிஜிட்டல் குறிப்பேடு வாங்கி அதில்தான் எழுதுவது என்று முடிவெடுத்தேன். அன்றோடு டைரியை நிறுத்தினேன். எதை வாங்குவது என்பது மட்டும்தான் பாக்கி. அதுவரை தேதிகளெல்லாம் என் தலைக்குள்.

மூன்று வகை இருந்தது. பேனா செருகிய போன், புத்தகம் மாதிரி மடங்குகிற போன், தாளில் எழுதுவது போலவே எழுதுகிற கறுப்பு வெள்ளை ஸ்லேட். பேனா போனில் திரை சின்னது. மடங்குகிற போனில் நடுவில் கோடு தெரிகிறது. ஸ்லேட்டில் கோடு இல்லை, பேனா உண்டு, ஆனால் அதில் யாரோடும் பேச முடியாது. பேச முடியாதது ஒரு வகையில் நல்லதுதான் என்று தோன்றும்போது, அது சட்டைப் பையில் நுழையுமா என்ற சந்தேகம் வந்துவிடுகிறது. சந்தேகத்தோடு எப்படிப் படுப்பது? வேட்டி வந்த பெட்டியின் அட்டையை மூன்று அளவில் வெட்டி, ஒவ்வொன்றையும் ஒரு வாரம் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

“பையில என்ன அட்டை?” என்றாள் என் மனைவி ஜோஸ்பின்.

“சைஸ் பாக்குறேன்.”

“அந்த அட்டையிலயே தேதிய எழுதித் தொலைய வேண்டியதுதானே?”

அட்டையைச் சட்டைப் பையில் இன்னும் கொஞ்சம் ஆழமாகச் செருகிக்கொண்டேன்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் வாஜித்துக்கு மலை போலப் பொறுமை. நாலு மாதத்தில் பத்தொன்பது தடவை போயிருப்பேன். ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தார்.

“அண்ணே, உங்க கையில இருக்குற போன்லயே காலண்டர் இருக்கே?”

“அது எல்லார் போன்லயும் இருக்கே தம்பி.”

வைகாசியில் ஒருநாள், அவர் கடையில் மாதிரிக்கு வைத்திருந்த ஸ்லேட்டை நான் மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தபோது, நத்தத்திலிருந்து சுருளிவேல் அண்ணன் கூப்பிட்டார். மாந்தோப்புக்காரர், பத்து வருஷ வாடிக்கை. மகன் முகேஷ்குமாருக்கு ஆவணியில் தாடிக்கொம்புப் பெருமாள் கோயிலில் கல்யாணம். இரண்டு வேனும் காலை ஆறு மணிக்கு நத்தத்தில் நிற்க வேண்டும்.

“குறிச்சுக்கப்பு. மறந்துறாத.”

குறித்துக்கொண்டேன். மடியில் இருந்த ஸ்லேட்டில்தான். தேதி, நேரம், ஊர், பெயர். என் கோணல் கையெழுத்து கொம்பும் சுழியுமாக அப்படியே விழுந்தது. இரண்டு தரம் அடிக்கோடு இழுத்துப் பார்த்தேன். அருமை! பிறகு இதே வரி மடங்குகிற போனில் எப்படி வரும் என்று பார்க்க ஆசைப்பட்டு ஸ்லேட்டைத் திருப்பிக் கொடுத்தேன். வாஜித் எழுத்தை அழித்துவிட்டு அலமாரியில் வைத்தார்.

ஆவணி வந்தது. முகூர்த்த நாள் காலை ஆறேகால். ஒரு வேன் பழனியில், இன்னொன்று வேளாங்கண்ணியில். நான் பல் விளக்கிக்கொண்டே ஒரு ஒப்பீட்டு வீடியோவில் இருந்தேன். போன் அடித்தது. சுருளிவேல் அண்ணன்.

“வண்டி எங்கப்பு வருது? சாணார்பட்டி தாண்டிருச்சா?”

வாயில் இருந்த நுரை அத்தனையும் உள்ளே போனது. உண்மையைச் சொன்னேன். அந்தப் பக்கம் மேளச் சத்தம் மட்டும் கேட்டது.

“நாப்பது பேரு தெருவுல நிக்கிறோம். ஒம்பது மணிக்குள்ள தாலி கட்டணும்.”

பதினோரு பேரிடம் வண்டி கேட்டேன். முகூர்த்த நாளில் சும்மா நிற்கிற வேன் எது? எஞ்சின் இல்லாத வேன்தான். திரும்பக் கூப்பிட்டபோது சுருளிவேல் அண்ணன் ஒரே வரியில் முடித்தார்: “பஸ்ல வாரோம், வையி.”

காலில் விழாத குறையாகக் கெஞ்சி ஏழு ஆட்டோக்களைத் திரட்டிக்கொண்டு பேருந்து நிலையத்தில் நின்றேன். எட்டு மணிக்கு பஸ் வந்தது. முன்படியில் சீர்த்தட்டுகள், பின்படியில் மேளக்காரர்கள், நடுவில் பட்டு வேட்டியோடு மாப்பிள்ளை. ஒரு கையால் மாலையை நசுங்காமல் நெஞ்சோடு அணைத்து, மறுகையால் மேல்கம்பியைப் பிடித்திருந்தார்.

“சீட்டு கெடைக்கலண்ணே” என்றார் முகேஷ்குமார். “நத்தத்துலருந்து நின்னுக்கிட்டேதான் வாரேன்.”

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. தட்டுகளை நானே சுமந்தேன். கோயிலில் ஒன்பதுக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது தாலி ஏறியது.

அதன் பிறகுதான் சுருளிவேல் அண்ணன் என் பக்கம் வந்தார். “எழுதி வைக்கலையா நீயி?”

“எழுதினேண்ணே.”

“எதுல?”

“கடையில இருந்த மிஷின்ல.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். “போ, போயிச் சாப்புடு” என்றார். அடித்திருக்கலாம்.

இலையில் உட்கார்ந்தேன். எதிரே மணப்பெண்ணின் அக்கா பானுப்ரியா, பந்தியில் யார் யார் சாப்பிட்டாயிற்று என்று குறித்துக்கொண்டிருந்தார். எதில்? சாட்சாத் அதே மாடல் ஸ்லேட்டில். நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். கூட்டு வரும்வரை.

“ஏம்மா, அது சார்ஜ் எம்புட்டு நாளு நிக்கும்?”

“ரெண்டு வாரம் வரும்ணே.”

“வெயில்ல எழுத்து தெரியுதா?”

பின்னாலிருந்து சுருளிவேல் அண்ணனின் குரல் பந்தி முழுக்கக் கேட்டது: “ஏலே, அந்த இலைக்குப் பாயசம் வைக்காதீங்கடா!”

இப்போது வேன் தேதிகளெல்லாம் ஜோஸ்பின் பொறுப்பு. நாற்பது பக்க நோட்டில் எழுதுகிறாள். ஒரு வண்டியும் தவறவில்லை. எனக்கு ஒப்பிட நேரம் நிறையக் கிடைக்கிறது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒரு கல்யாண முகூர்த்தமே தவறிப்போக இருந்த கதையைப் படித்துக்கொண்டிருந்தபோது, ‘மூணுல எதுதான் நல்லது? சொல்லாமலே போறானே!’ என்று உங்கள் மனசின் ஓரத்தில் ஒரு குரல் கேட்டதா, இல்லையா? கேட்டிருந்தால் வெட்கப்பட வேண்டாம். சாயங்காலம் வாஜித் கடைக்கு வாருங்கள். நான் அங்கேதான் இருப்பேன்.